சனத்துக்கு விளங்குகிறது: கொள்கை முடிவுகளை விளையாட்டுக் கோட்பாட்டால் படிக்க வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

வன்னியில் பிரதேச செயலகம் ஒன்றுக்கோ கமநல சேவை நிலையம் ஒன்றுக்கோ புதிதாக வேலைக்கு வருபவர் முதல் மாதத்திலேயே ஒரு வசனத்தைக் கேட்டுவிடுவார்: “இந்தச் சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது.” வாய்க்கால் துப்புரவுக்கு வராதவர்களைப் பற்றியும் அதே வசனம். கட்டாக்காலியாக மாடு விடுபவர்களைப் பற்றியும் அதே வசனம். யானை வேலிக்குக் கீழே வளர்ந்த புல்லை வெட்டாதவர்களைப் பற்றியும் அதே வசனந்தான்.

சனத்துக்கு நன்றாகவே விளங்குகிறது, விளங்கித்தான் அப்படிச் செய்கிறார்கள் என்ற இடத்தில் விளையாட்டுக் கோட்பாடு தொடங்குகிறது. ஒருவருடைய முடிவின் பலன் மற்றவர் என்ன செய்கிறார் என்பதிலும் தங்கியிருக்கும்போது, ஒவ்வொருவரும் மற்றவரைக் கணக்கில் எடுத்துத்தான் நடப்பார்கள். அந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் கலை. புதிய உத்தியோகத்தர்கள், கமக்காரர் அமைப்பின் செயலாளர் பொறுப்பை அண்மையில் தலையில் ஏற்றவர்கள், பல்கலைக்கழகத்தில் பொருளியலை இரண்டாம் பாடமாக எடுத்து விழிபிதுங்கி நிற்பவர்கள், இவர்களை நினைத்து எழுதுகிறேன். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

வரலாறு கொஞ்சம். 1944-இல் ஜோன் வொன் நியூமனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் எழுதிய நூலோடு இது ஒரு துறையாகக் காலூன்றியது. 1950-இல் ஜோன் நாஷ் தன் சமநிலைக் கருத்தை வெளியிட்டார். 1994-இல் ஹார்சன்யி, செல்ட்டன் ஆகியோரோடு சேர்த்து அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. சரி, வேலைக்கு வருவோம்.

முதற்படி: யார் ஆடுகிறார்கள்?

ஒரு வெற்றுத்தாளை எடுத்து, முடிவெடுக்கும் ஆட்கள் எல்லோரையும் எழுதுங்கள். இரண்டு சொற்களை மட்டும் எழுதக் கூடாது: ‘அரசாங்கம்’, ‘சனம்’. இரண்டும் ஓர் ஆளாக நின்று முடிவெடுப்பதில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், அரசாங்க அதிபர், பாராளுமன்ற உறுப்பினர் எல்லோரும் அரசாங்கந்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பயம், வேறு வேறு ஆசை.

தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் எங்கள் கடலுக்குள் வந்து மீன் பிடிக்கும் பிரச்சினையை ‘இந்தியா, இலங்கை’ என்று இரண்டே பெயர் போட்டு எழுதிப் பாருங்கள். ஏன் இத்தனை வருடமாக இழுபடுகிறது என்று அதில் விளங்காது. படகின் உரிமையாளர் கரையில் இருக்கிறார். கடலுக்கு வருபவர் கூலிக்கோ பங்குக்கோ வருகிறார். பிடிபட்டால் மறியலுக்குப் போவது பின்னவர். இலங்கை 2017-இல் அடிமட்ட இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்ததும் எல்லாப் படகும் ஒன்றாக இறங்கும், கடன் ஏறிக் கிடப்பதால் யாராலும் பொறுத்திருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் மன்னார், முல்லைத்தீவுச் சிறுபடகுக்காரர் தங்கள் வலை அறுந்துபோகும் என்று அந்த இரவுகளில் கடலுக்கே போகாமல் விடுகிறார்கள். போதாததற்கு முல்லைத்தீவுக் கடலிலேயே சுருக்குவலையும் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதும் என்று உள்ளூர்ச் சண்டை வேறு. இப்போது தாளில் எத்தனை ஆட்டக்காரர் என்று எண்ணுங்கள். கைதுசெய்வது யாருடைய கணக்கை மாற்றுகிறது, யாருடைய கணக்கைத் தொடவே இல்லை என்ற கேள்வி தானாகவே எழும்.

இரண்டாம் படி: ஒவ்வொருவர் கையிலும் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்யக்கூடியவற்றை எழுதுங்கள். ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும், பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அவருக்கு எது தெரியும், எது தெரியாது, யார் முதலில் முடிவெடுக்கிறார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

மூன்றாம் படி: பலனை எண்ணில் போடுவது

புதியவர்கள் பயப்படும் இடம் இது. ஆட்டம் எங்கே போய் நிற்கும் என்று பார்க்க எண் சரியாக இருக்க வேண்டியதில்லை; எது எதைவிடக் கூட என்ற ஒழுங்கு சரியாக இருந்தால் போதும். தண்டம் எவ்வளவு என்பது போன்ற கணக்குக்கு வரும்போதுதான் அளவும் முக்கியம். அலகு பணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நெல்லை மூட்டைக் கணக்கில் எழுதினால் கமக்காரர்களோடு கதைக்க இலகு.

சிறுபோகத்தை எடுப்போம். காலபோகத்தில் வானம் பார்த்துக்கொள்ளும். சிறுபோகம் முழுக்கக் குளத்துத் தண்ணீர். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னாரில் கட்டுக்கரை, எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான்: குளத்தில் இத்தனை அடி தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம், இன்ன வாய்க்காலுக்கு இன்ன நாள் முறை.

ஒரே கிளை வாய்க்காலில் இரண்டு வயல். இரண்டு பேரும் முறைப்படி தண்ணீர் எடுத்தால் ஏக்கருக்கு ஆளுக்கு 25 மூட்டை என்று வைப்போம். ஒருவர் இரவில் போய் மடையைத் திறந்து தன் வயலுக்குத் திருப்பினால் அவருக்கு 30, மற்றவருக்கு 15. இரண்டு பேரும் இரவில் திறந்தால் தண்ணீர் வரம்பு உடைத்து வீணாகப் போகும், ஆளுக்கு 18. எண்கள் என் கற்பனை, ஒழுங்கு அல்ல.

நான்கு நிலைகள்:

இருவரும் முறைப்படி: 25, 25
நான் திறக்கிறேன், அவர் முறைப்படி: எனக்கு 30, அவருக்கு 15
நான் முறைப்படி, அவர் திறக்கிறார்: எனக்கு 15, அவருக்கு 30
இருவரும் திறக்கிறோம்: 18, 18

நான்காம் படி: யாரும் தனியே மாற விரும்பாத இடம் எது?

மற்றவர் இன்னது செய்வார் என்று பிடித்து வைத்துக்கொண்டு, எனக்கு எது நல்லது என்று கேளுங்கள். அவர் முறைப்படி நடந்தால் எனக்கு 25-ஐ விட 30 நல்லது, திறப்பேன். அவர் திறந்தால் 15-ஐ விட 18 நல்லது, அப்போதும் திறப்பேன். அவருக்கும் இதே கணக்கு. ஆகவே இரண்டு பேரும் திறக்கிறார்கள், 25 எடுத்திருக்கக்கூடியவர்கள் 18-உடன் வீட்டுக்குப் போகிறார்கள். தான் மட்டும் மாறினால் யாருக்கும் லாபமில்லாத இந்த இடந்தான் நாஷ் சமநிலை. இந்த வகை ஆட்டத்துக்குக் கைதிகளின் இக்கட்டு என்று பெயர். 1950-இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்ற இருவர் அமைத்த ஆட்டம் அது. ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதா என்று இரண்டு கைதிகள் தனித்தனியே யோசிக்கும் கதையைச் சேர்த்தவர் அல்பர்ட் ரக்கர்.

இரண்டு பேரில் யாரும் கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோயிலில் ஒன்றாகப் பொங்குபவர்கள்தான் இரவில் மண்வெட்டியோடு வருகிறார்கள். ‘விழிப்புணர்வுக் கருத்தரங்கு’ வைத்தால் இந்த எண்களில் எது மாறும்? ஒன்றும் மாறாது. தேநீரும் பற்றிஸும் மட்டும் செலவு.

எண்ணை மாற்றும் வழிகளைப் பார்ப்போம். முதலாவது தண்டம். திறப்பதால் வரும் ஆகக்கூடிய லாபம் 5 மூட்டை. மூன்று இரவுக்கு ஒருமுறைதான் பிடிபடுவார் என்றால் தண்டம் 15 மூட்டையைத் தாண்ட வேண்டும், அப்போதுதான் அவருக்குக் கணக்கு உதைக்கும். நான்குக்கு மூன்று முறை பிடிபடுவார் என்றால் 7 மூட்டையே போதும். பெரும்பாலான அமைப்புகள் முதல் வழியில் போகின்றன: பெரிய தண்டத்தைக் கூட்ட அறிக்கையில் எழுதிவிட்டு, காவலுக்கு ஆள் போடுவதில்லை. ஆனால் 15 மூட்டை தண்டத்தை யார் போய் வாங்குவது? பிடிபட்டவர் செயலாளருடைய மச்சான். வாங்கமாட்டார்கள் என்று மச்சானுக்கும் தெரியும். நிறைவேற்ற மனம் வராத மிரட்டல் மிரட்டலே இல்லை. சின்னத் தண்டம், நிச்சயமான காவல் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் காவல் பார்க்கும் வட்டவிதானைக்கு ஒழுங்காகக் கூலி கொடுப்பது தண்டத் தொகையைக் கூட்டுவதைவிடப் பெரிய சீர்திருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எலினோர் ஒஸ்ரம் (2009-இல் பொருளியல் நோபல் பெற்றவர்) உலகெங்கும் பொது நீர், பொதுக் கடல், பொதுக் காடு ஆகியவற்றைப் பார்த்துச் சொன்னதும் இதற்குக் கிட்டத்தான் வருகிறது: கண்காணிப்பவர் பாவனையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்க வேண்டும், தண்டம் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். அவர் எடுத்த உதாரணங்களில் இலங்கையின் கிரிந்தி ஓயா, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டங்களும் உண்டு, முன்னது தோல்விப் பட்டியலில். கல்லோயா இடதுகரையில் 1980-களின் தொடக்கத்தில் இளம் ஒழுங்கமைப்பாளர்களைக் கமக்காரர்களோடு தங்கவைத்து, வயல் வாய்க்கால் மட்டத்தில் சிறு குழுக்களை உருவாக்கினார்கள். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர், கடைசிப்பகுதியில் தமிழர். தலைப்பகுதிக்காரர் தண்ணீரைக் கீழே விட்ட சம்பவங்கள் அந்தக் காலத்தவை. 1980-களின் இலங்கையில் அது நடந்தது என்பதை ஒருமுறை நின்று யோசியுங்கள்.

இரண்டாவது வழி, நாளை. ஆட்டம் ஒருமுறையோடு முடியாமல் போகத்துக்குப் போகம் தொடர்ந்தால் கணக்கே வேறு. இன்று திறந்தால் ஒருமுறை 5 மூட்டை கூட; ஆனால் அதோடு நம்பிக்கை போய்விடும், இனி ஒவ்வொரு போகமும் 25-க்குப் பதில் 18, அதாவது 7 நட்டம். அடுத்த போகமும் இதே இரண்டு பேர் இதே வாய்க்காலில் நிற்பார்கள் என்பதற்குப் பன்னிரண்டில் (5+7) ஐந்து பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால், அதாவது ஏறத்தாழ 42 வீதத்துக்கு மேல், முறைப்படி நடப்பதே லாபம். 1980-களின் தொடக்கத்தில் ரொபர்ட் அக்செல்ரொட் கணினிகளுக்குள் நடத்திய போட்டியில் வென்றதும் மிக எளிய உத்தி ஒன்றுதான்: முதலில் ஒத்துழை, பிறகு மற்றவர் போனமுறை செய்ததையே செய். அனுப்பியவர் அனத்தோல் ரபபோர்ட்.

வன்னியில் இந்த 42 வீதத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகைக்கு வயல் எடுத்தவருக்கு அடுத்த போகம் என்று ஒன்று இந்த வாய்க்காலில் இல்லை. பல தடவை இடம்பெயர்ந்து, 2009-க்குப் பிறகு மீளக் குடியேறி, காணிக்கு இன்னும் ஒழுங்கான அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு அடுத்த ஐந்து வருடம் என்பதே சந்தேகம். இப்படிப்பட்டவர்களிடம் ‘நீண்டகாலப் பார்வை இல்லை’ என்று அறிக்கை எழுதுவது இலகு. காணிப் பத்திரத்தையும் குத்தகைக் காலத்தையும் நீட்டினால் வாய்க்கால் சண்டை குறையும் என்று எழுதுபவர்கள் குறைவு, ஏனென்றால் காணி ஒரு கந்தோரில், தண்ணீர் இன்னொரு கந்தோரில்.

ஐந்தாம் படி: இது எந்த ஆட்டம்?

எல்லாப் பிரச்சினையும் கைதிகளின் இக்கட்டு அல்ல. அதை மட்டும் படித்துவிட்டு வந்தவர்கள் எங்கு பார்த்தாலும் தண்டம், தண்டம் என்று நிற்பார்கள். ஒரு ஆட்டத்தின் மருந்தை இன்னொரு ஆட்டத்துக்குக் கொடுப்பதுதான் கொள்கை வகுப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை. இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தை எடுங்கள். அதில் நீர்முறை மட்டுமா தீர்மானிக்கிறார்கள்? விதைப்பு எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, மாடுகளை எந்தத் திகதிக்கு முன் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு வரிசையே உண்டு. விதைப்புத் திகதியில் யாருக்கும் ஏமாற்ற ஆசை இல்லை. தனியே முந்தி விதைத்தால் ஊரில் உள்ள குருவி எல்லாம் என் வயலில். தனியே பிந்தினால் பூச்சி எல்லாம் என் வயலில், கடைசித் தண்ணீரும் தப்பிவிடும். எல்லோரும் விதைக்கும் நாளில் விதைக்கத்தான் எல்லோருக்கும் விருப்பம். எந்த நாள் என்பதுதான் தெரியாது. இது ஒருங்கிணைப்பு ஆட்டம். இதற்குத் தண்டம் தேவையில்லை, எல்லோரும் நம்பும் ஒரு திகதி தேவை. தோமஸ் ஷெல்லிங் (2005 நோபல்) இதைக் குவிமையம் என்ற கருத்தால் விளக்கினார். கூட்டத்தில் அறிவித்த திகதியைப் பிறகு தொலைபேசியில் இரண்டு முறை மாற்றும் அதிகாரி, தண்டம் அறவிடாத அதிகாரியைவிடக் கூடிய கேட்டைச் செய்கிறார்.

அதே கூட்டத்தில் மாட்டு விடயம் வரும்போது ஆட்டம் மாறிவிடுகிறது. மாட்டுக்காரருக்கு வயல் இல்லாமல் இருக்கலாம். மாட்டைக் கொண்டுபோக மேய்ச்சல் தரை வேண்டும். தரை ஒதுக்காமல் திகதி மட்டும் அறிவித்தால், அவருக்குக் கீழ்ப்படிய ஒரு வழியும் இல்லாத ஆட்டத்தில் அவரை இறக்கிவிடுகிறோம். கையில் இல்லாத உத்தியை யாரும் ஆட முடியாது. இரண்டாம் படியில் ஒவ்வொருவர் கையிலும் என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

யானை வேலி மூன்றாவது வகை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மின்வேலி போட்ட கிராமங்களில், புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்னழுத்தம் இறங்கிவிடும். நூறு பேர் தங்கள் பங்கைத் துப்புரவாக வைத்து ஒருவர் விட்டுவிட்டால் யானைக்கு அந்த ஒருவருடைய துண்டு போதும். எல்லோருடைய பலனையும் ஆகப் பலவீனமான இடந்தான் தீர்மானிக்கிறது, இதைப் பலவீனக் கண்ணி ஆட்டம் என்போம். ஆகவே ‘பக்கத்துக் காணிக்காரர் வெட்டமாட்டார்’ என்று நினைப்பவர் தானும் வெட்டமாட்டார். வெட்டி என்ன பயன்? இங்கே நல்லாக வேலை செய்பவர்களுக்கு விருது கொடுப்பதில் பயனில்லை. பலவீனமான துண்டு யாருடையது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு பெண்ணுடையதாக இருக்கும், அல்லது உரிமையாளர் கனடாவில் இருந்து பற்றைக்காடாகிப்போன காணியாக இருக்கும். இரண்டுக்கும் தண்டம் பாயாது. வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, முழு வேலிக்கும் ஓர் ஆளைக் கூலிக்கு வைப்பது ஆட்டத்தையே மாற்றிவிடும்.

நான்காவதை 2022-இல் எல்லோரும் பெற்றோல் செற்றில் ஆடியிருக்கிறோம். நாளைக்கு எண்ணெய் வராது என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்று நான் நினைத்தால், எனக்குத் தேவை இல்லாவிட்டாலும் இன்றே வரிசையில் நிற்பது புத்தி. எல்லோரும் அப்படி நின்றால் எண்ணெய் உண்மையாகவே முடிந்துவிடும். டொலர் தட்டுப்பாடு உண்மை. ஆனால் வரிசையின் நீளத்தில் ஒரு பெரும்பங்கு இந்தப் பயத்தால் வந்தது. 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து, வாகனத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டபோது, முந்திப் போவதால் கிடைக்கும் லாபம் இல்லாமல் போனது. யாருடைய குணமும் அந்த மாதத்தில் திருந்தவில்லை.

ஆறாம் படி: கடைசியிலிருந்து முன்னுக்கு வாருங்கள்

ஒருவர் பின் ஒருவராக முடிவெடுக்கும் ஆட்டங்களைக் கிளை விட்ட மரம் போல வரைந்து, கடைசிக் கிளையிலிருந்து திரும்பி வர வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் மிகச் சிறந்த பாடம் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம்.

2010-களின் தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் வந்தது. குளத்தைப் புனரமைத்துக் கொள்ளளவைக் கூட்டுவது, அதில் ஒரு பங்கைக் குழாய் வழியே வடக்கே அனுப்புவது என்பது எண்ணம். யாழ்ப்பாணத்தின் தேவை பொய்யல்ல. அங்கே நிலத்தடி நீர் மட்டுந்தான், அதிலும் பல இடங்களில் நைதரேற்று கூடிக் கிடக்கிறது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். மேடைகளில் அது ‘தாகத்துக்குத் தண்ணீர் தர மறுக்கிறார்கள்’ என்றும், ‘எங்கள் குளத்தைப் பறிக்கிறார்கள்’ என்றும் ஓடியது.

மரத்தை வரைவோம். முதற்கிளை: கமக்காரர் சம்மதிப்பதா, மறுப்பதா. சம்மதித்தால் குழாய் பதிப்பார்கள், வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பார்கள். கடைசிக் கிளை: மழை பொய்த்த ஒரு வருடம், குளத்தில் இரண்டுக்கும் போதாத தண்ணீர். இப்போது திறப்பு வைத்திருக்கும் அதிகாரி என்ன செய்வார்? லட்சக்கணக்கானோரின் குடிநீரை நிறுத்தி நெல்லுக்கு விடுவாரா? விடமாட்டார், விடவும் கூடாது. சரி, அப்படியானால் முதற்கிளையில் ‘மிகையான நீரை மட்டுந்தான் எடுப்போம்’ என்று கொடுத்த வாக்குறுதியின் பெறுமதி என்ன? கொடுத்தவர் நேர்மையானவராக இருந்தாலும் அந்த நாள் வரும்போது காப்பாற்ற முடியாத வாக்குறுதி அது. கமக்காரர் மரத்தைக் கடைசியிலிருந்து படித்தார்கள் என்பதுதான் என் வாசிப்பு.

பிரச்சினை கஞ்சத்தனம் என்று நினைத்தால் மருந்து பிரசாரம். பிரச்சினை வாக்குறுதியின் நம்பகத்தன்மை என்று கண்டால் மருந்து வேறு: குளத்தின் மட்டம் இத்தனை அடிக்குக் கீழே போனால் எடுக்க முடியாதபடி குழாயின் வாயையே அந்த உயரத்தில் வைப்பது, வறட்சி வருடத்துக்கான நட்டஈட்டை முன்கூட்டியே தனிக் கணக்கில் பூட்டி வைப்பது, திறப்பில் ஒன்றைக் கமக்காரர் சம்மேளனத்திடம் கொடுப்பது. தன் கையைத் தானே கட்டிக்கொள்பவரைத்தான் எதிராளி நம்புவார் என்பது ஷெல்லிங்கின் பழைய பாடம். கடைசியில் திட்டம் கடல் பக்கம் திரும்பியது. வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறையச் செலவாகும். அந்தச் செலவில் ஒரு பகுதியை, நம்பக்கூடிய வாக்குறுதி ஒன்றைக் கண்டுபிடிக்காததன் விலை என்றே நான் எடுப்பேன். இதை ஒத்துக்கொள்ளாத பொறியியலாளர்கள் உண்டு, அவர்களிடமும் நியாயம் இருக்கிறது: தொடர் வறட்சியில் குளத்தை நம்ப முடியாது, கடலை நம்பலாம்.

இரசாயன உரத் தடையையும் இதே மாதிரி வரைந்து பாருங்கள். 2021 ஏப்ரலில் அறிவிப்பு, நவம்பரில் பின்வாங்கல். இதற்குள் யூரியாவை ஒளித்து வைத்தவர் லாபம் பார்த்தார், சொன்னதை நம்பிச் சேதனப் பசளைக்கு மாறியவர் நட்டப்பட்டார். அடுத்த முறை ஒரு நல்ல திட்டத்தை அறிவித்தாலும் சனம் ‘பொறு, மாத்துவாங்கள்’ என்று காத்திருக்கும்.

ஏழாம் படி: பேரத்தில் யாருக்கு அவசரம்?

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. வீதியோரம் முழுக்க நெல் காயும். வங்கிக் கடன், உரக்கடைக் கடன், அடகில் நகை, வெட்டுக்கூலி எல்லாம் ஒரே கிழமையில் வாசலில் நிற்கும். வியாபாரி லொறியை வயற்கரையில் நிறுத்திவிட்டு ஈர நெல்லுக்கு ஒரு விலை சொல்வார். பேரத்தில் பொறுத்திருக்கக்கூடியவருக்கே பெரும்பங்கு என்பதை 1982-இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் கணிதமாக நிறுவினார். எங்கள் கமக்காரருக்கு அது நிறுவல் இல்லாமலே தெரியும்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை அறிவித்தது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயவைக்கத் தளமும் சாக்கும் நாலைந்து நாளும் இல்லாதவருக்கு 120 ரூபா என்பது பேப்பரில் இருக்கும் எண். வியாபாரியும் அதை அறிவார், ஆகவே தன் விலையைக் கூட்டமாட்டார். இந்த ஆட்டத்தில் கமக்காரரின் பலம் அறிவித்த விலையில் இல்லை, பேரம் முறிந்தால் அவர் போகக்கூடிய மாற்றிடத்தில் இருக்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியம், உலர்த்தும் தளம், நெல்லை ஈடுவைத்துக் கடன் எடுக்கும் வசதி, இவற்றில் ஒன்று கிராமத்தில் இருந்தாலே, அதைப் பாவிக்காதவருக்கும் வயற்கரை விலை ஏறும். விலையை அறிவிக்கும் திகதியையும் பாருங்கள்: அறுவடை பாதி முடிந்தபின் வரும் அறிவிப்பு, அவசரக்காரர் எல்லோரும் விற்று முடித்தபின் வரும் அறிவிப்பு.

கணக்கு உதைக்கும் இடங்கள்

மனிதர்கள் மூட்டையை மட்டும் எண்ணுவதில்லை. 1982-இல் வெர்னர் கூத்தும் அவருடைய கூட்டாளிகளும் செய்த பரிசோதனையில், ஒருவர் பணத்தைப் பங்கிடுவார், மற்றவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதில் பங்கு மிகக் குறைவாக இருந்தால் ‘எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்’ என்று முழுப் பணத்தையும் தூக்கியெறிந்தவர்கள் இருந்தார்கள். வாய்க்கால் சண்டை சிலவேளை தண்ணீருக்காக அல்ல, போனவருடக் கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சுக்காக. மானம், நன்றி, பழி எல்லாவற்றுக்கும் தாளில் இடம் விடுங்கள். எண்ணாகப் போட வராவிட்டாலும் பெயரையாவது எழுதுங்கள்.

இன்னொன்று, கூட்டத்துக்கு வராதவர்கள். வயல் கணவர் பெயரில் இருந்து, அவர் இல்லாமல் போய், பயிரைத் தானே செய்யும் பெண் பல கூட்டங்களில் பின்வரிசையில் இருப்பார், அல்லது வரவேமாட்டார். அவருடைய பலனை அவரிடம் கேட்காமல் நீங்களே ஊகித்து எழுதினால், முழுக் கணக்கும் நன்றாகக் கூட்டிய பிழையான கணக்காகிவிடும்.

முதற் பயிற்சி

அடுத்த சிறுபோகக் கூட்டத்தின் அறிக்கையை எடுங்கள். அதில் உள்ள தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இக்கட்டு, ஒருங்கிணைப்பு, பலவீனக் கண்ணி, பயம், வாக்குறுதி, பேரம். குறி போட முடியாதவற்றைத் தனியே வையுங்கள், அவற்றில் பெரும்பாலும் ஓர் ஆட்டக்காரரை மறந்திருப்பீர்கள். பிறகு ‘இக்கட்டு’ என்று குறித்த ஒன்றை மட்டும் எடுத்து, நான்கு நிலைகளையும் மூட்டைக் கணக்கில் எழுதி, வாய்க்காலின் கடைசி வயல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் எண்ணைத் திருத்துவார். திருத்தும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் தலைப்பகுதி வயல்காரரிடம் போங்கள்.